இரட்டைச் சுருள் கணக்கு

இந்தியாவில் இ-சிகரெட்டின் தயாரிப்புக்கும் விற்பனைக்கும் 2019 முதல் தடை. பிரிட்டனில் அனுமதி உண்டு. அங்கே சிலர் ஆவி எழுப்பும் கம்பிச் சுருளையும் தாங்களே சுற்றிக்கொள்கிறார்கள். ஒன்று போதாதென்று, பக்க இணைப்பில் இரண்டு.

இரண்டும் ஆளுக்கு 1 ஓம் என்றால் மொத்த மின்தடை 0.5 ஓம். மீட்டர் 0.48 காட்டினால் ‘சரிதான்’ என்று தோன்றும். ஒன்று 0.8, மற்றது 1.2 ஓமாக இருந்தாலும் அதே 0.48தான் வரும் என்பதில்தான் வில்லங்கம். 4 வோல்ட்டில் முதல் சுருள் 20 வாட் இழுக்கும். அடுத்தது 13 வாட்தான். நம் வீட்டு மின் அடுப்பில் அறுந்த சுருளைக் குறைத்து முறுக்கிப் போட்டால் கூடுதலாகச் சிவக்கிறதே, அதே காரணம்.

சூடான சுருளில் திரவம் வற்றிப் பஞ்சு கருகும். ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுகள் உண்டாகி நேரே நுரையீரலுக்குப் போகும்.

எனவே ஒரே கம்பி, ஒரே நீளம், ஒரே எண்ணிக்கைச் சுற்று. மாட்டுவதற்கு முன் தனித்தனியாக அளப்பதே முறை. சுருள்கள் சமமானால் சூடும் சமமாகும். நிகோடின் பழக்கம் மட்டும் அப்படியே இருக்கும்.