3,500 துப்பாக்கி வந்தது. ஒரு கைப்பிடிக் கம்பி வரவில்லை!

அந்தப் பகுதியில் அன்று ஒரு குண்டுகூட விழவில்லை. ஆனாலும் 173 பேர் பிணமானார்கள். அவர்களில் 62 பேர் குழந்தைகள்!

இந்தக் கோரம் நடந்தது லண்டன் நகரில். 1943-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி இரவு. இரண்டாம் உலகப்போர் உச்சத்தில் இருந்த நேரம். இடம், பெத்னல் கிரீன் சுரங்க ரெயில் நிலையம்.

போர்க்காலத்தில் போலீசுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், "துப்பாக்கி" என்று பட்டென்று பதில் வரும். அந்த 173 உயிர்களின் கதை வேறு பதில் சொல்கிறது.

தடி போலீசுக்கு துப்பாக்கி

லண்டன் போலீஸ்காரர் சாதாரண நாளில் துப்பாக்கி தூக்குவது இல்லை. அந்தக் காலத்தில் தடியும் விசிலும்தான் அவருக்கு ஆயுதம்.

1940-ல் நிலைமை மாறியது. ஜெர்மன் படை பிரான்சுக்குள் புகுந்துவிட்டது. டன்கர்க் கடற்கரையில் இருந்து பிரிட்டிஷ் சிப்பாய்கள் கப்பல் ஏறித் திரும்பிக்கொண்டு இருந்தார்கள். அடுத்த குறி இங்கிலாந்துதான் என்று ஊரே நடுங்கியது.

அந்த ஆண்டு ஜூன் 1-ந் தேதி, லண்டன் போலீசுக்கு ராணுவத்தில் இருந்து 3,500 துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. எல்லாம் 1907-ல் கனடாவில் செய்த பழைய சரக்கு. கூடவே 72,384 தோட்டாக்கள். கணக்குப் போட்டால் ஒரு துப்பாக்கிக்கு 20 தோட்டா. அதை வைத்துக்கொண்டு ஹிட்லரின் பட்டாளத்தோடு எத்தனை நிமிஷம் மோத முடியும்?

துப்பாக்கி கொடுத்தது தப்பு இல்லை. முன்ஜாக்கிரதைதான். ஆனால் எதிரிப் படை கரை இறங்கவே இல்லை. எதிரி வந்தது வானத்தில் இருந்து!

வெறுங்கையே ஆயுதம்

1940 செப்டம்பர் 7-ந் தேதி தொடங்கி, தொடர்ந்து 57 நாள் லண்டன் மீது குண்டு மழை. வானத்தில் பறக்கும் விமானத்தை போலீஸ்காரர் துப்பாக்கியால் சுட முடியுமா?

அவருக்குக் கைகொடுத்தது இரும்புத் தொப்பி. "போலீஸ்" என்று முன்பக்கம் பெயிண்டில் எழுதிய தொப்பி. மேலே இருந்து விழும் செங்கல்லும் குண்டுச் சிதறலும் மண்டையைப் பிளக்காமல் காத்தது அதுதான். அதைப் போட்டுக்கொண்டு இடிபாட்டில் நுழைந்தார்கள். வெடிக்காத குண்டு கிடந்த தெருவை அடைத்தார்கள். இடிந்த கடையில் கை வைத்த திருடர்களைப் பிடித்தார்கள்.

1940 நவம்பர் 14-ந் தேதி இரவு, கவன்ட்ரி நகரம் தரைமட்டமானது. அங்கே பிராண்டன் மாஸ் என்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள், இடிந்த வீட்டுக்குள் சுரங்கம்போலத் தோண்டிக்கொண்டு போனார். பக்கத்தில் கேஸ் கசிவு. தலைக்கு மேலே சரியும் சுவர். ஒரே வீட்டில் 3 பேரை உயிரோடு மீட்டார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது கிடைத்தது. அதற்காக அவர் ஒரு தோட்டாகூட சுடவில்லை.

இருட்டும் எதிரிதான்

குண்டுவீச்சுக்கு முன்பே இன்னொரு எதிரி வந்துவிட்டான். அவன் பெயர் இருட்டு. 1939 செப்டம்பர் 1-ந் தேதி முதல் நாடு முழுவதும் இருட்டடிப்பு. தெருவிளக்கு கிடையாது. காரின் விளக்குக்கும் மூடி. அந்த ஒரே மாதத்தில் சாலைச் சாவு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆனது!

அதற்கு வைத்தியம் என்ன? நடைபாதை ஓரக்கல்லுக்கு வெள்ளை பெயிண்டு அடித்தார்கள். ராத்திரியில் வண்டிகளின் வேகத்தைக் குறைத்தார்கள். செலவு கொஞ்சம், பலன் உயிர்.

19 படிகள்

பெத்னல் கிரீனில் அந்த வெள்ளை பெயிண்டுகூட அடிக்கவில்லை.

அது பணி முடியாத ரெயில் நிலையம். ஆயிரக்கணக்கான ஏழை ஜனங்களுக்கு ராத்திரியில் அதுதான் புகலிடம். ஆனால் தெருவில் இருந்து இறங்க ஒரே வாசல். உள்ளே 19 படிகள். நடுவில் பிடித்துக்கொள்ள கம்பி இல்லை. மினுக்கென்று ஒரே ஒரு பல்பு.

அன்று இரவு 8.17-க்கு அபாயச் சங்கு ஊதியது. ஜனங்கள் வழக்கம்போல வந்து இறங்கிக்கொண்டு இருந்தார்கள். பத்து நிமிஷம் கழித்து, பக்கத்து விக்டோரியா பூங்காவில் புதிதாக வைத்திருந்த விமான எதிர்ப்பு ராக்கெட்டுகள் பயங்கரச் சத்தத்தோடு சீறின. யாருமே அதுவரை கேட்டிராத சத்தம். "குண்டு விழுகிறது" என்று நினைத்து எல்லோரும் உள்ளே நெருக்கினார்கள்.

கீழ்ப் படியில் ஒரு பெண் தடுக்கி விழுந்தார். அவர் மேல் இன்னொருவர். அவர் மேல் மற்றவர்கள். சில வினாடிகளில் சுமார் 300 பேர் அந்தப் படிக்கட்டில் சிக்கினார்கள். மேலே இருப்பவர்களுக்கு கீழே நடப்பது தெரியவில்லை. "நில்லுங்கள்" என்று வாசலில் கைநீட்டித் தடுக்க அந்த நேரத்தில் ஒரு போலீஸ்காரர்கூட இல்லை!

மூச்சு முட்டியே 173 பேர் செத்தார்கள்.

யார் குற்றம்?

இது எதிர்பாராத விபத்து என்று சொல்லித் தப்ப முடியாது. கூட்டம் நெருக்கினால் வாசல் தடுப்பு தாங்காது, உறுதியான சுவர் கட்ட அனுமதி கொடுங்கள் என்று உள்ளூர் நகரசபை 1941-லேயே மேலிடத்துக்கு எழுதியது. மேலிடம் மறுத்துவிட்டது.

விசாரணை நடத்திய மாஜிஸ்திரேட்டு டன், கூட்டம் நிதானம் இழந்ததுதான் முக்கிய காரணம் என்றார். அந்த அறிக்கையையும் 1945 வரை வெளியே விடவில்லை. ஆனால் 1944-ல் வழக்கு கோர்ட்டுக்கு வந்தபோது, நகரசபையின் கவனக்குறைவே காரணம் என்று தீர்ப்பானது. பழி செத்தவர்கள் தலையில் விழாமல் தப்பியது.

சாவு விழுந்த பிறகு கைப்பிடிக் கம்பி வந்தது. படிகளுக்கு வெள்ளை பெயிண்டும் வந்தது. முன்னாலேயே செய்திருந்தால் என்ன?

இன்றைய போர்

காலம் மாறிவிட்டதே என்று கேட்கலாம். உக்ரைனைப் பார்த்தால் தெரியும். 2022-ல் ரஷியப் படை புகுந்த பிறகு, போர்முனை ஊர்களில் மாட்டிக்கொண்ட கிழவர்களையும் குழந்தைகளையும் அங்கே போலீசார்தான் கவச வண்டியில் ஏற்றி வெளியே கொண்டு வந்தார்கள்.

2023 ஆகஸ்டு 7-ந் தேதி போக்ரோவ்ஸ்க் நகரில் ஒரு ஏவுகணை விழுந்தது. காப்பாற்ற போலீசாரும் மீட்புப்படையினரும் ஓடினார்கள். சிறிது நேரத்தில் இரண்டாவது ஏவுகணை! காப்பாற்றப் போனவர்களே ரத்தவெள்ளத்தில் கிடந்தார்கள். இப்படிப்பட்ட இடத்துக்கு ஓடும் போலீஸ்காரருக்கு தலையில் இரும்புத் தொப்பியும் நெஞ்சில் குண்டு துளைக்காத கவசமும் ஆடம்பரம் அல்ல. சாப்பாடு மாதிரி அத்தியாவசியம்.

அப்படியானால் போலீசுக்கு துப்பாக்கியே வேண்டாமா? வேண்டும். ஆயுதத்தோடு வருபவனை வெறுங்கையால் தடுக்க முடியாது. ஆனால் பட்டியலில் அது முதல் அயிட்டம் அல்ல. ஜனங்கள் அடையும் இடத்துக்கு வெளிச்சம், தடுப்பு, கைப்பிடி, வாசலில் ஒரு ஆள். அந்த ஆளுக்கு தொப்பி, கவசம். இதெல்லாம் முடிந்த பிறகு துப்பாக்கியை எண்ணலாம்.

ஒத்திகை போதுமா?

2025-ம் ஆண்டு மே 7-ந் தேதி நாடு முழுவதும் போர்க்காலப் பாதுகாப்பு ஒத்திகை நடந்தது. தமிழ்நாட்டில் சென்னை துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் நடத்தினார்கள். நல்ல காரியம்.

அடுத்த ஒத்திகையில் அதிகாரிகள் இன்னொரு வேலையும் செய்ய வேண்டும். சங்கு ஊதினால் ஜனங்கள் எந்தப் படிக்கட்டில் இறங்குவார்கள் என்று பட்டியல் போட வேண்டும். மின்சாரத்தை அணைத்துவிட்டு, ராத்திரியில் அந்தப் படிகளில் அவர்களே ஒருமுறை இறங்கிப் பார்க்க வேண்டும். கம்பி இல்லாத இடத்தில் கம்பி போட வேண்டும். எந்த வாசலில் எந்தக் கான்ஸ்டபிள் என்று இப்போதே பெயர் எழுதி வைக்க வேண்டும்.

இதற்குப் பெரிய பட்ஜெட் தேவை இல்லை. மனசு வைத்தால் போதும்.