சூதக ஓய்வும் நமது மௌனமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு பெண் பூப்பெய்தினால் ஊரே அறியும். மாமன்மார் வருவர், நாளும் கோளும் பார்ப்பர், அழைப்பிதழ் அச்சாகும், உறவினர் கடல் கடந்தும் வந்து சேர்வர். அதே பெண்ணுக்கு ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகளின் பின் மாதவிடாய் ஓயும்போது, கணவன் அறியான், மக்கள் அறியார், பல வேளைகளில் தன் உடலில் நிகழ்வது யாதென்று அவளே அறியாள். தொடக்கத்துக்கு இத்துணை ஆரவாரமும் முடிவுக்கு இத்துணை மௌனமும் ஏன்?

இவ்வினா என் சொந்த அனுபவத்திற் பிறந்தது. நாற்பத்தெட்டாம் வயதில் ஒருநாள் வகுப்பிற் கரும்பலகை முன் நின்றபோது, நெஞ்சிலிருந்து முகம் வரை தீப்போல ஒரு வெம்மை பரவிற்று. இரவுகளில் உறக்கம் போயிற்று. நன்கறிந்த மாணவரின் பெயர்கள் நாவில் வர மறுத்தன. இருதய நோய் என அஞ்சி ஒரு வைத்தியரிடம் சென்றேன். "வயது போனால் இப்படித்தான் ரீச்சர், யோசியாதையுங்கோ" என்று கூறி, நித்திரைக் குளிசை எழுதித் தந்தார். அயல்வீட்டு மூதாட்டியிடம் சொன்னபோது, "எங்களுக்கும் வந்தது பிள்ளை. ஆருக்குச் சொன்னனாங்கள்?" என்றார். அவ்விரு மறுமொழிகளையும் நான் இன்றுவரை மறக்கவில்லை.

மருத்துவம் கூறுவது எளியது. சூலகங்கள் ஈஸ்திரஜன் என்னும் ஓமோனைச் சுரத்தல் குறைந்து, பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து மாதவிடாய் வராதொழிந்தால் அதனைச் சூதக ஓய்வு என்பர். பெரும்பாலார்க்கு இது 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் நிகழ்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே வெம்மையும் வியர்வையும் உறக்கமின்மையும் மனச்சோர்வும் தோன்றலாம். பின்னர் எலும்பின் வலிமையும் விரைந்து குறையும். இது நோயன்று, ஆயினும் துன்பமில்லாததுமன்று.

மௌனம் இரு வழியாற் கேடு செய்கிறது. தணிக்கத்தக்க துன்பத்தைப் பெண் விதியென்று சகிக்கிறாள் என்பது ஒன்று. உண்மையான நோயையும் இப்பருவத்தின் தலையிற் சுமத்திவிடுகிறோம் என்பது மற்றையது. மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் குருதி கண்டால், அது சிறுதுளியாயினும், கருப்பைப் புற்றுநோயின் அறிகுறியாய் இருத்தல் கூடும். உடனே பரிசோதிக்க வேண்டும். "போகிற காலத்தில் ஒருமுறை வந்து போகும்" என்று ஆறுதல் கூறும் அயலவர் தம்மையறியாமலே உயிருக்கு ஊறு செய்கின்றனர். 2013ஆம் ஆண்டு தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டது. அது அண்மையில் இருந்தும், அங்கே காலத்தாற் செல்லும் அறிவில்லையேல் பயன் யாது?

நமது மண்ணில் இதற்கு இன்னுமொரு முகம் உண்டு. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்த இரவில், பதினெட்டும் இருபதும் வயதினராய் இருந்த பெண்களே இன்று இப்பருவத்தில் நிற்கின்றனர். அவருட் பலர் கணவரை இழந்தோ தொலைத்தோ தனியே குடும்பம் தாங்குவோர். நள்ளிரவில் நெஞ்சு படபடத்து விழிக்கும் ஒருத்தியை எழுப்பியது பழைய நினைவா, குருதியமுக்கமா, ஓமோன் குறைவா? பொறுமையாய்க் கேட்கும் ஒருவர் இல்லாமல் இதனைப் பிரித்தறிதல் இயலாது. எல்லாவற்றையும் போரின் கணக்கிலெழுதுவதும், எல்லாவற்றையும் வயதின் கணக்கிலெழுதுவதும் ஒரே தவறுதான்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுதல் நீதியாகாது. 1994இற் கெய்ரோவில் நடந்த மக்கட்தொகை மாநாட்டின் பின், 1996ஆம் ஆண்டு குடும்ப சுகாதாரப் பணியகம் சுகவனிதையர் கிளினிக்குகளைத் தொடங்கியது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் நடைபெறும் இவற்றில் முப்பத்தைந்து வயது கடந்த பெண்கள் கட்டணமின்றி மார்பகமும் கருப்பைக் கழுத்தும் குருதியமுக்கமும் சீனியும் பரிசோதித்துக்கொள்ளலாம். எனினும் நோயுற்றவரே அங்கே செல்வர் என்னும் எண்ணம் நம்மவரிடம் வேரூன்றியுள்ளது. கர்ப்பிணியின் வீட்டுப் படலையைத் தேடித் திறக்கும் குடும்பநல உத்தியோகத்தரின் காலடி, கருப்பையின் கடமை முடிந்த பெண்ணின் முற்றத்திற் கேட்பதில்லை.

நம்பத்தக்க தகவலுக்கோ பெரும் பஞ்சம். 2002இல் அமெரிக்காவின் பேராய்வொன்று, ஓமோன் மருந்தால் மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் மிகலாமென அறிவித்தது. உலகமெங்கும் பெண்கள் அஞ்சி மருந்தைக் கைவிட்டனர். அவ்வாய்விற் பங்குகொண்டோரின் சராசரி வயது 63 என்பதனைப் பலர் கவனிக்கவில்லை. அறுபது வயதுக்குட்பட்ட, பிற தடைகளற்ற பெண்களுக்குக் கடுந்துன்பம் இருப்பின் பொதுவாக நன்மையே மிகுதி என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 2025 நவம்பரில், அம்மருந்துகளின் கடும் எச்சரிக்கை வாசகங்களிற் பெரும்பகுதியை நீக்கவிருப்பதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அறிவித்தது. அதுபற்றியும் வல்லுநரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இவ்விவாதத்தில் எத்துணைப் பங்கு நம் தாய்மாரின் செவிக்குத் தமிழில் எட்டியது? கைத்தொலைபேசியில் எண்ணெயும் சூரணமும் விற்போர் குரலன்றோ முந்தி எட்டுகிறது!

தமிழில் இயலாதென்று யாரும் கூற வேண்டா. 1847இல் இங்கு வந்த சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர், பிரசவ வைத்தியமும் இரண வைத்தியமும் உடற்கூறும் தமிழிற் பெயர்த்து, மானிப்பாயிலே தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அயலவர் ஒருவர் 19ஆம் நூற்றாண்டிற் செய்ததை, 1978 முதல் மருத்துவ பீடமுடைய நாம் இன்று செய்ய நாணுவது ஏன்?

நான் வேண்டுவன சிறியவையே. மருத்துவ பீடத்தார் சரிபார்த்த பத்துப் பக்கச் சிறுநூலொன்று தமிழில் வேண்டும். அது ஒவ்வொரு வாசிகசாலையிலும் மாதர் சங்கத்திலும் கிடக்க வேண்டும். ஆண்டுக்கொருமுறை குடும்பநல உத்தியோகத்தர் அங்கு வந்து பேச வேண்டும். பாடசாலைகளிற் கற்பிப்போரிற் பெரும்பான்மையோர் பெண்களாதலின், வேலைநாளிற் கிளினிக் செல்ல ஆசிரியைகளுக்கு அதிபர்மார் இடந்தர வேண்டும். ஆண்களும் அந்நூலைப் படிக்க வேண்டும். மனைவியின் சினத்துக்கும் கண்ணீருக்கும் காரணம் தெரிந்தால் வீட்டிற் பாதிச் சண்டை அடங்கும்.

அயல்வீட்டு மூதாட்டி இன்றில்லை. அவருடைய பேத்திக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. சென்ற மாதம் வேலியருகே வந்து, "ரீச்சர், ஒண்டு கேக்கவேணும்" என்று தயங்கினாள். உள்ளே அழைத்து உட்காரவைத்துத் தேநீர் ஊற்றினேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததற்குக் கிளினிக் நடக்கும் நாளைச் சொன்னேன். மறுவாரம் இருவரும் சேர்ந்தே போனோம்.