உடுப்பு நீந்துமா?

திண்டுக்கல்லை அடுத்த அகரத்தில் ஒரு பையன் கிணற்றில் குதிக்க என்ன உடுப்பு வேண்டும்? அரை டிராயர் போதும். அதே பையன் நீச்சல் பந்தயத்துக்குப் போகிறான் என்றால் அப்பாவின் பாடு திண்டாட்டம்தான்! பந்தய உடுப்பின் விலை பல ஆயிரம் ரூபாய்.

வாங்கத்தான் வேண்டுமா?

உடுப்பு வேகம் கொடுக்கும் என்பது பொய்யல்ல. 2009-ல் ரோமாபுரியில் நடந்த உலகப் போட்டியில் 8 நாளில் 43 உலக சாதனைகள் ஏற்பட்டன. பாலியுரேத்தேன் உடுப்பு, நீந்துகிறவரைத் தண்ணீரில் தூக்கிக் கொடுத்தது. சர்வதேச சங்கம் விழித்துக்கொண்டது. 2010 ஜனவரி 1 முதல் துணி உடுப்புதான். ஆண்களுக்குத் தொப்புளுக்கு மேலே போகக் கூடாது. யாருக்கும் முழங்காலைத் தாண்டக் கூடாது.

துணியிலும் வித்தை உண்டு. உடம்பை இறுக்கும் நெசவு. நூலுக்குப் பதில் ஒட்டிய தையல். 12 வயது வரையுள்ள பிள்ளைகள் இவற்றை அணிந்து போட்டியிட அமெரிக்க நீச்சல் சங்கம் 2020 செப்டம்பரில் தடை போட்டது.

நாமும் அப்படிச் செய்தால் என்ன? இல்லாவிட்டால், பணக்கார வீட்டுப் பிள்ளை ஒரு விரற்கடை முன்னால் சுவரைத் தொடும். மற்றப் பிள்ளை தன் கையையும் காலையும் நொந்துகொள்ளும்.

சாதாரண பாலியெஸ்டர் உடுப்பு குளோரின் தண்ணீரை நன்றாகத் தாங்கும். ஆனால், 'வளர்கிற பிள்ளை' என்று பள்ளிக்கூடச் சட்டை போலப் பெரிதாக வாங்காதீர்கள். தொளதொளவென்று இருந்தால் தண்ணீர் புகுந்து பின்னுக்கு இழுக்கும். கையை உயரத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். தோளில் பட்டை வெட்டினால் அது சிறிசு.