ஒஸ்லோவில் உறவினர் இல்லாத பிள்ளை



ஒக்ரோபர் மாத இறுதியில் ஒரு நாள் நம் பிள்ளைகள் பாடசாலைக்குப் போகாமல் வேலைக்குப் போவதை அறிவீர்கள். ஒப்பரசியூன் டாக்ஸ்வெர்க் என்று பெயர் பெற்ற அந்த நாளை நோர்வே மாணவர் 1964 முதல் நடத்தி வருகின்றனர். ஒருவர் கடையில் பொருள் அடுக்குவார். இன்னொருவர் அயல்வீட்டு முற்றத்தில் இலை கூட்டுவார். கிடைக்கும் ஊதியம் வேறொரு நாட்டு இளையோரின் கல்விக்குச் செல்லும். ஹொல்ம்லியாவில் வளரும் நம் பிள்ளைகளும் அவ்வாறே உழைக்கிறார்கள். அந்த இளையோர் எந்த ஊர், எந்தச் சமயம், எந்தச் சாதி என்று அவர்கள் கேட்பதில்லை. பெற்றோராகிய நாமோ தாயகத்துக்குக் கொடுக்கும்போது, வாய்விட்டுக் கேட்காவிட்டாலும், மனத்துள் கேட்டுக்கொண்டுதான் கொடுக்கிறோம். இதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நாம் கொடாதவர்கள் அல்லர். இரவுப் பணி முடித்து வந்தும், உழைத்ததில் ஒரு பங்கை ஊருக்கு அனுப்பும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. ஆயின் அந்தக் கொடை எவ்வழியே செல்கிறது என்று சற்று நோக்குங்கள். ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம், ஊர்க்கோவில் திருப்பணி ஆகிய மூன்றும் உறவின் வழிகள். ஒஸ்லோவிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பழைய மாணவரைக் கொண்ட ஒரு கல்லூரிக்கு, மண்டபத்தின் மேல் மண்டபம் எழுகிறது. வெளிநாட்டில் ஒரு பழைய மாணவரும் இல்லாத பாடசாலைக்கு எவ்வழியே உதவி போகும்?

அத்தகைய பாடசாலைகள் வன்னியிலும் மன்னாரின் உட்பகுதிகளிலும் மலையகத்திலும் உள்ளன. இலங்கையில் 1945 முதல் கல்வி இலவசம். பாடநூலும் சீருடைத் துணியும் அரசு தருகிறது. எனினும் அரசு தன் பாடசாலைகளையே தரம் பிரித்து வைத்திருக்கிறது. 1ஏபி என்னும் பாடசாலையில் விஞ்ஞானம் உட்பட உயர்தரத்தின் எல்லாத் துறைகளும் உண்டு. 1சி பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லை. இரண்டாம் வகைப் பாடசாலை பதினோராம் தரத்தோடு முடிந்துவிடும். அங்கு படித்த பெண்பிள்ளை மருத்துவராக விரும்பினால், பதினாறு வயதில் ஊரைவிட்டுப் பட்டினம் போக வேண்டும். பேருந்துக் கட்டணமோ விடுதிச் செலவோ யாராவது கொடுக்க வேண்டும். கணிதத்திற்கும் ஆங்கிலத்திற்கும் ஆசிரியர் இல்லையென்றால் ரியூசன் வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் அப்பியாசக் கொப்பியும் சப்பாத்துமே கூலிக் குடும்பங்களுக்குச் சுமையாயின. இலவசக் கல்வி பாடசாலை வாயில் வரைதான் வருகிறது. வாயில் வரை பிள்ளையைக் கொண்டு சேர்ப்பது குடும்பத்தின் கையில் உள்ளது.

வன்னியின் இந்தக் குடும்பங்களுள் பல, மலையகத்திலிருந்து வந்தவை. 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்கள். 1977 வன்செயல்களில் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டவர்கள். அவர்களை வரவேற்றுக் குடியமர்த்திய தொண்டு நிறுவனம் ஒன்றை மூத்தோர் நினைவில் கொண்டிருப்பீர்கள். அதுவே வவுனியாவைத் தளமாகக் கொண்ட காந்தியம். கரம்பொன்னைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் டேவிட் அவர்களும் மருத்துவர் இராஜசுந்தரம் அவர்களும் தங்கள் தொழிலின் வருவாயை விட்டு அதற்கு உழைத்தார்கள். காணியோடும் கிணற்றோடும் அவர்கள் நிற்கவில்லை. குடியேற்றக் கிராமங்களில் முன்பள்ளிகளைத் திறந்தார்கள். கிராமத்து இளம்பெண்களையே ஆசிரியைகளாகப் பயிற்றினார்கள். 1983 ஏப்பிரலில் இருவரும் கைதாயினர். யூலை 27ஆம் நாள் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் நெடுங்காலம் இந்தியாவில் வாழ்ந்து, 2015இல் கிளிநொச்சியில் மறைந்தார். அவர்கள் எழுத்தறிவித்த பிள்ளைகள் அவர்களுடைய ஊராரும் அல்லர், உறவினரும் அல்லர். அந்தப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே கிராமங்களில் படிக்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலோருக்கு ஒஸ்லோவில் ஒரு சித்தப்பாவோ மாமியோ இல்லை.

நாம் இந்நாட்டில் காலூன்றிய வரலாறும் இதையே கற்பிக்கிறது. 1956இல் இங்கு வந்த குருநகர் அன்ரனி இராசேந்திரம் அவர்களின் முயற்சிக்கு நோர்வே மக்கள் கைகொடுத்ததால்தான் காரைநகரில் சீநோர் படகுத்துறையும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் எழுந்தன. பின்னர் 1970களிலும் 1980களிலும் நம்மவருள் பலர் நோர்வேயின் மக்கள் உயர்பாடசாலைகளில் இடம்பெற்று மாணவராக இங்கு வந்தனர். முன்பின் அறியாதவர் திறந்த பாடசாலைக் கதவு வழியே வந்த சமூகம் நாம். அந்தக் கடனை நம் பழைய கல்லூரிக்கு மட்டும் திருப்பிச் செலுத்த முடியாது.

"என்னை ஆளாக்கிய பாடசாலைக்கு நான் கொடுப்பது நன்றியல்லவா, சுவாமி?" என்று கேட்பீர்கள். நன்றிதான், அதை நிறுத்தச் சொல்லேன். ஆனால் நன்றி வேறு, இரக்கம் வேறு. நன்றி நமக்குச் செய்தவரை நோக்கித் திரும்பும். இரக்கம் நமக்கு ஒன்றும் செய்யாதவரை நோக்கிச் செல்லும். நல்ல சமாரியனின் உவமையில் அடிபட்டுக் கிடந்தவன் சமாரியனின் ஊரவன் அல்லன். ஆண்டவர் அந்த உவமையைச் சொன்னது, அயலான் யார் என்று கேட்டவருக்குத்தான்.

ஆகவே என் வேண்டுகோள் இது. நம் பிள்ளைகளைப் போல நாமும் ஆண்டுக்கு ஒரு நாள் ஊதியத்தை, நமக்கு உறவோ ஊரோ அல்லாத ஒரு கிராமப் பாடசாலைக்கு ஒதுக்குவோம். ஆறாம் தரத்தில் சேரும் பிள்ளை சாதாரண தரம் எழுத ஆறு ஆண்டுகள் ஆகும்; ஆதலால் ஆறு ஆண்டுகளுக்கு வாக்குக் கொடுப்போம். இரண்டு ஆண்டில் சலித்து விட்டுவிடும் உதவி, பிள்ளையை நடு ஆற்றில் இறக்கிவிடுவதற்கு ஒப்பாகும். கட்டடத்திற்கும் கல்வெட்டுக்கும் அன்றி, கணித ஆசிரியரின் கொடுப்பனவுக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் மதிய உணவுக்கும் கொடுப்போம். எது தேவை என்பதை அதிபரும் பெற்றோரும் சொல்லட்டும். மன்னாரில் வாழ்வுதயம், யாழ்ப்பாணத்தில் ஹியூடெக் போன்ற மறைமாவட்ட அமைப்புகள் அந்தக் கிராமங்களை நன்கு அறிந்தவை. அவற்றின் வழியே செய்யலாம்.

இன்னும் ஒன்று. கொப்பியை நீட்டியபடி பிள்ளையை நிற்கவைத்துப் படமெடுத்து முகநூலில் இடும் வழக்கம் நமக்கு வேண்டாம். ஹொல்ம்லியாவில் நம் பிள்ளையின் படத்தைப் பாடசாலை வெளியிட நம் அனுமதி கேட்கிறது. அந்த மதிப்பு முல்லைத்தீவுப் பிள்ளைக்கும் உரியது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்று ஆண்டவர் கற்பித்தது, வாங்குகிறவரின் மானத்தைக் காப்பதற்காகவும்தான்.

வரும் ஞாயிறு தமிழ்த் திருப்பலிக்குப் பின் இதைப் பற்றிக் கூடிப் பேசுவோம். இளையோரும் வரவேண்டும், இந்த வழியில் அவர்கள் நமக்கு முன்னே சென்றுகொண்டிருக்கிறார்கள். இறைவன் உங்கள் உழைப்பையும் இல்லங்களையும் ஆசீர்வதிப்பாராக.

இறையன்பில்,
உங்கள் பங்குத்தந்தை