ஆசிரியருக்குத் தேர்வு, அரசுக்கு?

பணி ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் மீதமுள்ள ஆசிரியர்கள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்பவர்கள், இரண்டு ஆண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) தேறியாக வேண்டும். தேறாவிட்டால் ஓய்வுக்காலப் பலன்களைப் பெற்றுக்கொண்டு வெளியேற வேண்டும். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் இப்படித் தீர்ப்பளித்தது. ஐந்தாண்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கேட்கக் கூடாது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்வி மட்டும் பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது. இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் பாடம் நடத்திய இடைநிலை ஆசிரியர்கள் இப்போது கைடு வாங்கிப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தகுதி வேண்டாம் என்று நாம் சொல்ல மாட்டோம். சின்ன வகுப்புக்கு யார் வேண்டுமானாலும் பாடம் எடுக்கலாம் என்ற எண்ணம் நம் ஊரில் வேரோடியிருக்கிறது. அது தவறு. எழுத்துக்கூட்டத் தடுமாறும் குழந்தை எந்த இடத்தில் தடுக்கி விழுகிறது என்று கண்டுபிடிப்பது தனிக் கலை. அதற்காகத்தான் பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறது. பி.எட். படித்தவர்களையும் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை நியமிக்கலாம் என்று 2018-ல் வந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழும அறிவிக்கை 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் விழுந்ததும் இந்தக் காரணத்தால்தான். பட்டம் பெரிது, பட்டயம் சிறிது என்ற கணக்கு தொடக்கப்பள்ளி வாசலில் செல்லாது என்று நீதிமன்றம் சொன்னதை அன்று வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம்.

ஆனால், நீதி ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கக் கூடாது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் அழைப்பு வந்து, சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்து, அன்றைய விதிகள் அத்தனையும் சரியாக இருந்ததால் பணியில் சேர்ந்தவர்கள் இந்த மூத்த ஆசிரியர்கள். கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கிய அதே அறிவிக்கை, ஏற்கெனவே முறைப்படி நியமிக்கப்பட்டவர்களுக்கு விலக்கும் தந்தது. அந்த விலக்கை நம்பித்தான் அவர்கள் வகுப்புக்குப் போனார்கள். 2017-ல் வந்த சட்டத் திருத்தம், தகுதி இல்லாமல் பணியில் இருப்பவர்கள் நான்காண்டுக்குள் அதைப் பெற வேண்டும் என்றது. அந்தத் தகுதிக்குள் டெட்டும் அடங்கும், அது எல்லோருக்கும் பொருந்தும் என்று இப்போது பொருள் கொள்ளப்பட்டிருக்கிறது. அந்த நான்காண்டில் எந்த மாநில அரசாவது இந்த மூத்த ஆசிரியர்களை உட்காரவைத்து, “உங்களுக்கும் இது பொருந்தக்கூடும், தயாராகுங்கள்” என்று சொன்னதா? சொல்லாமல் இருந்தவர்களுக்குத் தண்டனை இல்லை. கேள்விப்படாமல் இருந்தவர்களுக்கு வேலை போகும். இதை அறம் என்று நம்மால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

தேர்வையும் கொஞ்சம் பார்ப்போம். முதல் தாளில் 150 கேள்விகள்: குழந்தை வளர்ச்சி, தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என்று ஒவ்வொன்றிலும் முப்பது. பொதுப்பிரிவினர் தேற 90 மதிப்பெண் வேண்டும். நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கும் இந்தத் தேர்வு, பாட அறிவு இருக்கிறதா என்று காட்டும். பொறுமை இருக்கிறதா, குரலில் கனிவு இருக்கிறதா என்று காட்டாது. வேலை தேடி வருகிற இளைஞருக்கு முதல் சல்லடையாக இருக்கட்டும், ஆட்சேபம் இல்லை. வகுப்பறையில் கண்ணெதிரே பாடம் நடத்திக்கொண்டிருப்பவரை எடைபோட நேரில் போய்ப் பார்ப்பதைவிட இது எப்படிச் சிறந்த வழியாகும்? தமிழகம் தேர்வு நடத்திய அழகும் நினைவிருக்கிறது. 2012 ஜூலையில் முதல் தேர்வுக்கு ஒன்றரை மணி நேரம்தான் கொடுத்தார்கள். எழுதிய லட்சக்கணக்கானவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. அக்டோபரில் மூன்று மணி நேரமாக்கி மறுபடி வைத்தார்கள். அன்று தகுதி இல்லாமல் போனது யாருக்கு?

தேறியவர்கள் மட்டும் வாழ்ந்துவிட்டார்களா? 2013-ல் தேறியவர்களைக் கேட்டுப் பாருங்கள். சான்றிதழ் ஏழாண்டுதான் செல்லும் என்றார்கள்; பலருக்கு வேலை கிடைக்காமலே ஏழாண்டு ஓடியது. 2021-ல் வாழ்நாள் முழுதும் செல்லும் என்றார்கள். அதற்குள், 2018-லேயே, டெட் தேறினாலும் நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று அரசாணை வந்துவிட்டது. இடைநிலை ஆசிரியர்களுக்கான அந்தத் தேர்வு நடந்ததோ 2024 ஜூலையில். தகுதி தகுதி என்று முழங்கிய அரசு, தகுதி பெற்றவர்களைத் தெருவில் நிற்கவைத்துவிட்டு, 2022-ல் தற்காலிக இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே 12,000 ஆனது. 2009 ஜூன் 1 முதல் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அன்று நிர்ணயித்த அடிப்படை ஊதியம் 5,200. அதற்கு ஒரு நாள் முன்பு சேர்ந்தவருக்கு 8,370. ஒரே படிப்பு, ஒரே வகுப்பு, பக்கத்துப் பக்கத்து நாற்காலி. தகுதியைப் பற்றி ஆசிரியருக்குப் பாடம் எடுக்க இந்த அரசுகளுக்கு, எந்தக் கட்சி ஆண்டாலும், முகம் இருக்கிறதா?

இன்னொன்று. ஆசிரியர் தகுதியைப் பற்றிய கட்டாயக் கல்விச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தனியார் பள்ளிகளுக்கும் உண்டு. பயிற்சியே இல்லாத பட்டதாரிகளைச் சொற்பச் சம்பளத்துக்கு வைத்து நடக்கும் நர்சரி-பிரைமரிப் பள்ளிகளை அங்கீகாரம் புதுப்பிக்கும்போது அதிகாரிகள் பார்ப்பதே இல்லையா? பார்க்கிறார்கள், பார்த்தும் கையெழுத்திடுகிறார்கள்.

ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. எங்களை யாரும் சோதிக்கவே கூடாது என்ற குரல் மக்களிடம் எடுபடாது. பிள்ளையை அனுப்பும் தாய்க்குக் கேட்கும் உரிமை உண்டு.

நீதிமன்றம் கொடுத்த கெடு 2027-ல் முடிகிறது. தீர்ப்பை மறுபரிசீலனை செய்யச் சொல்லி மனுப் போடுவதோடு கடமை முடிந்ததாக மாநில அரசு இருந்துவிடக் கூடாது. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களில் மூத்த ஆசிரியர்களுக்கு ஊதியத்தோடு கூடிய பயிற்சியை உடனே தொடங்க வேண்டும். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் மாற்று ஆசிரியரை, தேறிக் காத்திருக்கும் பட்டியலிலிருந்தே, அனுப்ப வேண்டும். 2010-க்கு முன் நியமனம் பெற்றவர்களுக்கு எழுத்துத் தேர்வுக்கு ஈடாக வகுப்பறை மதிப்பீட்டை ஏற்கும்படி நாடாளுமன்றம் 23-ஆம் பிரிவைத் திருத்த வேண்டும். தமிழக எம்.பி.க்கள் அடுத்த கூட்டத்தொடரிலேயே இதை எழுப்பட்டும்.