பூச்சியை அறிந்த பின்னரே மருந்து

தறியில் இழை அறுந்தால் நெசவாளர் என்ன செய்கிறார்? அறுந்த இழை எது என்று தேடிப் பார்த்து, அதை மட்டும் எடுத்து முடிச்சிடுகிறார். பாவு முழுவதையும் அறுத்தெறிவதில்லை. மணவூர்ப் பக்கத்தில் கத்தரியும் வெண்டையும் பயிரிடும் நம் அங்கத்தினர்கள் தோட்டத்திலும் இந்த நிதானத்தைக் கைக்கொள்ள வேண்டும் என்பதே நமது வேண்டுகோள். இலையில் ஓட்டையைக் கண்டதும் கடைக்கு ஓடுகிறோம்; வந்த பூச்சி இன்னதென்று அறியாமலே, கடைக்காரர் எடுத்துத் தரும் மருந்தைத் தெளித்துவிடுகிறோம். இது பணத்துக்கும் கேடு, பயிருக்கும் கேடு.

கத்தரியையே எடுத்துக்கொள்வோம். நுனிக்குருத்து வாடித் தலை சாய்ந்தால் தண்ணீர் போதவில்லை என்று எண்ணலாகாது. தண்டைப் பிளந்து பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பு நிறப் புழு இருக்கும். இதுவே தண்டையும் காயையும் துளைக்கும் புழு. காய்க்குள் புகுந்து, தன் எச்சத்தால் துவாரத்தை அடைத்துக்கொண்டு உள்ளிருந்தே தின்பதால், மேலே தெளிக்கும் மருந்து அதனை எட்டுவதில்லை. வாடிய குருத்தைக் கிள்ளி, சொத்தைக் காயைப் பறித்து, வரப்பில் எறிந்துவிடாமல் அழித்துவிடுவதே முதல் வைத்தியம். ஆட்கூலி கட்டுமா என்று கேட்பவர் உண்டு. காய் பறிக்கும் அதே கை அன்றே குருத்தையும் கிள்ளலாமே!

இலையைச் சுரண்டி வலைபோல் ஆக்குவது எபிலாக்னா என்னும் புள்ளி வண்டு. இதற்கு நெருங்கிய உறவு பொறிவண்டு. ஆனால் குணத்தில் நேர்மாறு. பொறிவண்டு அசுவினியைத் தின்று நமக்குக் கூலியின்றி வேலை செய்கிறது. புள்ளி வண்டு மங்கிய நிறமும் மெல்லிய ரோமமும் உடையது. பொறிவண்டின் முதுகோ பளபளப்பானது. இந்த வேற்றுமையை அறியாது இரண்டையும் கொல்பவர், காவற்காரனையும் கள்வனையும் ஒருங்கே தண்டித்தவராகிறார். காவல் நீங்கிய தோட்டத்தில் அசுவினி முன்னிலும் பெருகும். மருந்துச் செலவும் உடன் பெருகும்.

காவற்பூச்சியின் வலிமைக்கு நம் மாநிலமே சாட்சி. 2008ஆம் ஆண்டு கோயம்புத்தூர்ப் பக்கத்தில் பப்பாளி மாவுப்பூச்சி தோன்றியது. பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளியிலும் மல்பெரியிலும் அது பரவியது. மல்பெரி அழிந்தால் பட்டுப்புழுவுக்கு இரை இல்லை. பட்டு நெசவாளருக்கு இழை இல்லை. மாவு போன்ற மெழுகுப் போர்வை அப்பூச்சியைக் காத்ததால், தெளித்த மருந்துகள் அதனை ஒடுக்க இயலவில்லை. 2010இல் பெங்களூரிலுள்ள மத்திய ஆராய்ச்சி நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து சிறு ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அவற்றைப் பெருக்கித் தோட்டங்களில் விடுவித்தது. மருந்தால் ஆகாத காரியத்தைக் கண்ணுக்கு எளிதில் தென்படாத அக்குளவிகள் முடித்தன. பூச்சி இன்னதென்றும் அதன் பகைவன் யாரென்றும் அறிந்ததால் வந்த வெற்றி அது.

இனி, கசப்பான ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். சந்தைக்கு ஒரு பாத்தி, வீட்டுக்கு ஒரு பாத்தி என்று பிரித்து, வீட்டுப் பாத்தியில் மட்டும் நஞ்சு படாமல் காப்பவர் உண்டு. தம் பிள்ளைக்கு ஆகாத காயை ஊரார் பிள்ளைக்கு விற்பது எந்த தருமம்? மோனோகுரோட்டோபாஸ் என்னும் கடும் நஞ்சைக் காய்கறிகளில் பயன்படுத்தலாகாதென 2005ஆம் ஆண்டிலேயே அரசு தடைசெய்தது. மற்ற வழிகளெல்லாம் தீர்ந்த பிறகு மருந்துதான் வேண்டுமென்றால், அப்பயிருக்கு அனுமதிக்கப்பட்டதையே வாங்கி, சீட்டில் குறித்த நாட்கள் கழிந்த பின்னரே காய் பறிக்க வேண்டும்.

அதற்கு முன்னர் செய்யக்கூடியவை பல உள. ஐந்து கிலோ வேப்பம்பருப்பை இடித்து, இரவு முழுதும் நீரில் ஊறவைத்து வடிகட்டி, நூறு லிட்டர் கரைசலாக்கிச் சிறிது சோப்புக் கலந்து மாலையில் தெளிக்கலாம். வெண்டையில் நரம்பு மஞ்சளித்த செடியை உடனே பிடுங்கிவிட வேண்டும். வெள்ளை ஈ அந்நோயை அடுத்த செடிக்குக் கொண்டுபோகும். கத்தரிக்கு ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறிகள் வைக்கலாம்.

ஆனால் அப்பொறியில் விழுவது ஆண் அந்துப்பூச்சி மட்டுமே. வேலிக்கு அப்பால் இணைசேர்ந்த பெண் பூச்சி பறந்து வந்து நம் செடியில் முட்டையிடும். ஆகவே ஒருவர் மட்டும் பொறி வைப்பது, ஊரெல்லாம் கதவு திறந்திருக்கத் தன் வீட்டு ஜன்னலை மட்டும் சாத்துவது போன்றது. இங்கேதான் சங்கத்தின் கடமை பிறக்கிறது. நம் மாவட்டத்துத் திரூரில்தான் 1904ஆம் ஆண்டில் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. தனியொருவரால் தாங்கவொண்ணாத கடன் சுமையைப் பலர் கூடித் தாங்கலாம் என்று கண்ட மண் இது. பூச்சியின் சுமையும் அத்தகையதே.

எனவே, நம் சங்கம் மருந்துக்குக் கடன் தருமுன் பொறிகளையும் வேப்பம்பருப்பையும் மொத்தமாக வாங்கி அடக்க விலைக்குத் தர வேண்டும்; அடுத்தடுத்த தோட்டக்காரர் ஒரே வாரத்தில் பொறி வைக்க ஏற்பாடு செய்ய வேண்டும்; திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தாரை அழைத்துத் தோட்டத்திலேயே பூச்சிகளை இனங்காட்டச் செய்ய வேண்டும். அடுத்த பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவருவார்களாக. வீட்டுக்கும் சந்தைக்கும் ஒரே பாத்தியில் காய் பறிக்கும் நாளே நம் கூட்டுறவுக்குப் பெருமை தரும் நாள்.