உழாமைக்கு ஊதியம்

உழுதவனுக்குக் கூலி உண்டென்பது பழைய நியாயம். உழாதிருப்பதற்கும் ஐக்கிய அமெரிக்க அரசாங்கம் ஊதியம் இறுக்கின்றது. மண்ணரிப்புக்கு இலக்கான வயலிற் புல்லோ மரமோ வளர்ப்போருக்கு 10 முதல் 15 ஆண்டுகள் வரை வாடகை வழங்கும் இத்திட்டம் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பிறந்தது. மண் தங்கிற்று, வட தக்கோட்டாவிற் காட்டு வாத்துகளும் பெருகின. மறுப்பாரில்லை.

ஆனால் அப்பணம் யார் கைக்குப் போகின்றது? அந்நாட்டு விவசாய நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு குத்தகை நிலம். குத்தகைக்காரனுக்கும் பங்குண்டென விதி கூறும். குத்தகையே புதுப்பிக்கப்படாவிடின் பங்கு ஏது? நகரில் வாழும் நிலச்சொந்தக்காரனுக்கு வாடகை தவறாது வரும்.

2007இல் 3 கோடியே 60 இலட்சம் ஏக்கருக்கு மேலிருந்த பரப்பு, 2016இல் ஏறக்குறைய 2 கோடியே 40 இலட்சமாயிற்று. காங்கிரசு எல்லையைக் குறுக்கிற்று. சோள விலையும் ஏறிற்று. ஒப்பந்தம் முடிந்தோர் பலர் கலப்பையை எடுத்தனர். பத்தாண்டு பொதுப்பணத்தில் வளர்ந்த புல் ஒரே பருவத்தில் மடிந்தது.